300 ரூபா வத்தகப்பழமா, 500 ரூபா வத்தகப்பழமா?

வாவிக்கரையான்:
கல்முனை வீதியோரக் குவியலில ரெண்டு வத்தகப்பழம் (தர்ப்பூசணி) எண்டு வைங்க. ஒண்டுட விட்டம் 20 செ.மீ., விலை 300. மற்றது 25 செ.மீ., விலை 500. சின்னதுதான் லாபம். வெட்டினா ரெண்டும் வட்டம். πr² போட்டா 314, 491. 1.56 மடங்குதான் கூட. விலை மட்டும் 1.67 மடங்கு.

களுதாவளைக்_கணக்கு:
வெட்டுமுகம் தளவுரு தம்பி, நாம திங்கிறது திண்மம். பரப்பளவைப் பார்த்துக் கனவளவுக்குக் காசு குடுக்கிறீங்க. 4/3πr³ போடுங்க, π = 22/7. ஆரை 10க்கு 4190 கன செ.மீ., 12.5க்கு 8185. 1.95 மடங்கு. 100 ரூபாவுக்குச் சின்னதில 1397 கன செ.மீ., பெரியதில 1637. பெரியதுதான் மலிவு.

வாவிக்கரையான்:
கோளம் எண்டாலே வட்டத்தை அடுக்கி வச்சதுதானே? ஒவ்வொரு வட்டமும் 1.56 மடங்கு எண்டா மொத்தமும் அவ்வளவுதான்.

களுதாவளைக்_கணக்கு:
அடுக்குட உயரத்தை விட்டுட்டீங்க. 1 செ.மீ. தடிப்பில சீவினா சின்னதில 20 துண்டு, பெரியதில 25 துண்டு. உங்கட 1.56 எண்டது 1.25 × 1.25; மூண்டாவது 1.25 அங்கதான் கிடக்கு. இன்னொரு பிழையும் வழக்கமா வரும்: நடுத்துண்டுட பரப்பை உயரத்தால பெருக்கிறது. 314.3 × 20 = 6286. அது உருளை, மேலயும் கீழயும் துண்டு சிறுக்கிறதை அது கணக்கெடுக்கல்ல. கோளம் அந்த உருளையில மூண்டில ரெண்டு.

அக்கரைப்பற்று_நானா:
மூண்டில ரெண்டு எங்கால வந்த? அதைச் சொல்லாமச் சூத்திரத்தை மட்டும் குடுத்தா, சாதாரணதரப் பிள்ளை பரீட்சையில r³ இருக்கிற இடத்தில r² எழுதிட்டுத்தான் வரும்.

களுதாவளைக்_கணக்கு:
சரி நானா. ஆரை 10 உள்ள அரைக்கோளத்தை மேசையில கவிழ்த்து வைங்க. பக்கத்தில ஆரை 10, உயரம் 10 உள்ள உருளை. அதுக்குள்ள கூர் கீழ பார்க்க ஒரு கூம்பைக் குடைஞ்சு எடுங்க. இப்ப ரெண்டையும் 6 செ.மீ. உயரத்தில வெட்டுங்க. அரைக்கோளத்துட வட்டத்துக்கு ஆரை √(100 − 36) = 8, பரப்பு 64π. குடைஞ்ச உருளையில வளையம்: வெளி ஆரை 10, உள் ஆரை 6. 100π − 36π, அதுவும் 64π. எந்த உயரத்தில வெட்டினாலும் இப்படியே ஒக்கும். அப்ப கனவளவும் ஒண்டு. கூம்பு உருளையில மூண்டில ஒண்டு. மிச்சம் மூண்டில ரெண்டு. ஆர்க்கிமிடிஸ் தன்ட கல்லறையில கோளமும் உருளையும் வைக்கச் சொன்னது இதுக்காகத்தான், கி.மு. 75ல ரோம அதிகாரி சிசெரோ அதைச் சிசிலியில பற்றைக்குள்ள தேடிக் கண்டுபிடிச்சார்.

வாவிக்கரையான்:
பெரிய பழத்தில தோலும் கூடத்தானே? அதுக்கும் சேர்த்தல்லவா 500?

களுதாவளைக்_கணக்கு:
தோல் ரெண்டிலயும் 1.5 செ.மீ. எண்டு வைப்பம். உள்ளாரை 8.5, 11. சதை 2573, 5578. இப்ப 2.17 மடங்கு. தோல் உங்கட கட்சிக்கு வரல்ல.

அக்கரைப்பற்று_நானா:
கடதாசியில சரி. கடையில விட்டத்தை ஆர் அளக்கிற? நூலைத்தான் சுத்தணும். சுற்றளவு 66 செ.மீ. எண்டா 7ஆல பெருக்கி 44ஆல வகுங்க (2π = 44/7), ஆரை 10.5. கனவளவு 4851 கன செ.மீ., அதாவது 4.85 லீற்றர். நூல் 1 செ.மீ. கூடினா 5075, ஒண்டரை வீதப் பிழை நாலரை வீதமாப் பெருகும். ஆரைக்குப் பதிலா விட்டத்தைப் போட்டா எட்டு மடங்கு, 38.8 லீற்றர் பழம்! நீட்டுப் பழத்துக்கு r³ சரிவராது; நீளத்தில பாதி, அகலத்தில பாதி, திரும்ப அகலத்தில பாதி, இந்த மூண்டையும் பெருக்கி 4/3π போடணும். கடைசியாத் தராசில வைங்க. வத்தகப்பழம் தண்ணியில மிதக்கும், அதால 4.85 லீற்றர் பழம் 4.85 கிலோவுக்குக் கொஞ்சம் குறைய நிக்கணும். 6 கிலோ காட்டினா நூல் நடுவால ஓடல்ல.