பாண்டியில் நீங்கள் பேசிப் பார்த்த ஒருவரைப் பற்றி எழுதுங்கள்

திண்டிவனத்தான்:

பாண்டி என்றதும் பாதிப் பேர் சரக்கு விலையைப் பேசுகிறோம், மீதிப் பேர் மஞ்சள் சுவர் முன்னால் நின்று எடுத்த போட்டோவைக் காட்டுகிறோம். இந்த இழையில் இரண்டும் வேண்டாம். அந்த ஊர்க்காரர் யாரிடமாவது பேசி, அதனால் ஊரைப் பார்க்கும் பார்வை மாறியிருந்தால் அதை எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

2009இல் அங்கே படித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலமானால் பீச் ரோட்டில் அந்தக் கருங்கற்கள் மேல் போய் உட்கார்ந்துவிடுவேன். பீச் ரோடு என்று பெயர், அப்போது பீச்தான் இல்லை. ரோடு, கைப்பிடிச் சுவர், சரிவாகக் கொட்டிய பாறாங்கற்கள், உடனே கடல். பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்தே இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் நடந்து நடந்து வடக்கே வைத்திக்குப்பம் பக்கம் போனபோது ஒரு பெரியவர் வலையைப் பிரித்துப் போட்டுக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்திருந்த கல்லைப் பார்த்து, “தம்பி, நீ குந்தியிருக்கிற எடத்துலதான் எங்க மாமன் படகு நிக்கும். அதுக்கும் அந்தாண்ட ரெண்டு படகு நீளத்துக்கு மணலு” என்றார். அவர் கை காட்டிய இடத்தில் அலை கல்லில் மோதித் திரும்பிக்கொண்டிருந்தது.

“எங்கே தாத்தா போச்சு?” என்றேன்.

“மணலு நிக்காது தம்பி, நடந்துகிட்டே இருக்கும். தெக்கேருந்து வடக்கே. வருசத்துல முக்காவாசி நாளு அப்படித்தான். அப்புறம் வாடை அடிக்கிறப்போ கொஞ்சம் திரும்பும். நடுவுல கல்லப் போட்டு மறிச்சா என்ன ஆவும்?”

அவர் சொன்னது துறைமுகத்தை. 1980களின் கடைசியில் ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில், அலை தடுக்கக் கடலுக்குள் கல்லால் இரண்டு நீண்ட கைகளைக் கட்டினார்கள். வடக்கே வந்துகொண்டிருந்த மணல் தெற்குக் கையில் முட்டி அந்தப் பக்கமே குவிந்தது. வடக்கே இருந்த மணலைக் கடல் வழக்கம்போல் கொண்டுபோனது, ஆனால் ஈடுகட்டப் புது மணல் வரவில்லை. சில வருடங்களில் நகரத்துக் கரை காணாமல் போனது. ரோடும் போய்விடக் கூடாது என்று கல்லைக் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்தில் அரிப்பு நின்றது, அதற்கு வடக்கே இருந்த குப்பத்தில் ஆரம்பித்தது. அங்கேயும் கல், அதற்கடுத்த குப்பத்தில் அரிப்பு. இப்படியே எல்லை தாண்டித் தமிழ்நாட்டுத் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரைக்கும் போய்விட்டது. தந்திராயன்குப்பத்தில் பாதிச் சுவரும் அடுப்படியும் மட்டும் மிஞ்சிய வீட்டை நானே பார்த்திருக்கிறேன்.

எங்கள் கல்லூரியில் பத்துப் பேரிடம் கேட்டேன். ஒருவருக்கும் இது தெரியவில்லை. கடற்கரை நகரம் என்று விளம்பரம் செய்கிற ஊரில் கடற்கரையே போய்விட்டிருந்தது, நாங்கள் அந்தக் கல் மேல் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

உப்பளத்துப் பேத்தி:

நல்ல இழை. எனக்கு அந்த ‘ஒருவர்’ எங்கள் தாத்தாதான்.

பாண்டிக்காரர்களுக்கு ‘சொல்தா’ என்றால் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எங்கள் தாத்தா இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் இருந்தவர். அங்கே என்ன செய்தார் என்று கேட்டால், “குளிரு, வெயிலு, ரொட்டி” என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுவார். கோபம் வந்தால் மட்டும் பிரெஞ்சு வரும். நாங்கள் பேரப்பிள்ளைகள் அந்த வார்த்தைகளை அர்த்தம் தெரியாமலே பள்ளிக்கூடத்தில் சொல்லி அடி வாங்கியிருக்கிறோம்.

பென்ஷன் பிரான்சிலிருந்து வந்தது. எங்கள் தெருவில் மாடி வீடு கட்டியவர்கள் பெரும்பாலும் அந்தப் பணத்தில்தான் கட்டினார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால் அந்த நாட்டு அதிபர் தேர்தலில் தாத்தா ஓட்டும் போடுவார். அதற்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைதான். இங்கே நடக்கும் சட்டசபைத் தேர்தலைப் பற்றி மணிக்கணக்கில் திட்டுவார், அதில் ஓட்டு மட்டும் கிடையாது!

ஜூலை 14 வந்தால் மெடல்களைக் குத்திக்கொண்டு கிளம்பிவிடுவார். பீச் ரோட்டில் ஒரு போர் நினைவுச் சின்னம் இருக்கிறதல்லவா, 1938இல் கட்டியது? அங்கேதான். ஒரு வருடம் என்னையும் கூட்டிப்போனார். பாட்டுப் பாடி முடிந்து திரும்பும்போது, டூரிஸ்ட் பையன் ஒருவன் அவரை நிறுத்தி, “சார், வெள்ளைக்காரனுக்காக ஏன் சார் சண்டை போட்டீங்க?” என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. தாத்தா நிதானமாக, “வேலை குடுத்தான் தம்பி” என்றார். வழி முழுக்க வேறு பேச்சே இல்லை. சாயங்காலம் வழக்கம்போல் கூட்டாளிகளோடு இரும்புக் குண்டு உருட்டி விளையாடப் போய்விட்டார். பெத்தாங் என்பார்கள், எங்கள் ஊரில் கிழவர்கள் ஆட்டம்.

இன்னொன்று. தாத்தா ‘மேரி’க்குப் போகிறேன் என்று சொன்னால் வெளியூர் மருமகள்கள் மாதா கோயில் என்று நினைத்துக்கொள்வார்கள். அது நகராட்சிக் கட்டடம், பிரெஞ்சில் அப்படித்தான் பெயர். பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் அங்கேதான் பதிவு. 2014 நவம்பர் மழையில் அந்தக் கட்டடம் இடிந்து விழுந்தது. தாத்தா அப்போது இல்லை, நல்லவேளை. அதே அச்சில் திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. எனக்கென்னவோ, பல்செட் போட்டுக்கொண்டு சிரிப்பது மாதிரி இருக்கிறது.

சென்னைவாசி:

என்னுடையது சின்ன விஷயம். 2022 நவம்பர் 30, காலை. ஓட்டலை விட்டு இறங்கினால் ஊரே ஒரே திசையில் ஓடுகிறது. ஆட்டோக்காரர் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டுத் தலையில் கைவைத்து நின்றார். என்னண்ணே என்றதற்கு, “லட்சுமி போயிடுச்சு சார்” என்றார். அவர் வீட்டில் யாரோ என்று நினைத்து ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். மணக்குள விநாயகர் கோயில் யானை. காலையில் நடைக்குக் கூட்டிப்போன இடத்தில் தெருவிலேயே சரிந்து விழுந்து இறந்துபோயிருந்தது.

அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் வெள்ளைக்காரர்கள், முஸ்லிம் பெண்கள், ஸ்கூல் யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள், யார் இல்லை என்று கேளுங்கள். யானை தும்பிக்கையைத் தலையில் வைத்ததை ஆளாளுக்குச் சொல்லி அழுதார்கள். வாரக்கடைசிக்கு மட்டுமே வந்துபோன எனக்கு, இது சொந்த வீடு உள்ளவர்கள் இருக்கிற ஊர் என்று அன்றுதான் உறைத்தது.

முதலியார்பேட்டை:

மூன்று பேருமே வாய்க்காலுக்குக் கிழக்குப் பக்கத்தைச் சுற்றியே எழுதியிருக்கிறீர்கள். (உப்பளத்து அக்கா, கோபிக்காதீர்கள்.) பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். இப்போதும் டூரிஸ்ட் மேப் வாய்க்காலோடு முடிந்துவிடுகிறது.

ஒரு தடவை வெளியூர் கோஷ்டி ஒன்று, வெள்ளை வீடு ஒன்றைக் காட்டி, “1674லேருந்து அப்படியே இருக்கு” என்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. “தம்பி, 1674ல பிரெஞ்சுக் கம்பெனி ஆளு பிரான்சுவா மர்த்தேன் வந்தாரு, சரி. ஆனா 1761ல இங்கிலீஷ்காரன் ஊரைப் புடிச்சு கோட்டை, மாளிகைன்னு தரைமட்டமாக்கிட்டான். நீங்க பாக்குறது அதுக்கப்புறம் கட்டின ஊரு” என்றார். பையன்கள் கேமராவை அணைத்துவிட்டார்கள். எனக்கு ஆர்வம் வந்து, அப்படியானால் அதற்கு முந்தைய வீடு எதுவுமே இல்லையா சார் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, “இருக்கு, வாய்க்காலுக்கு மேற்கே” என்று கூட்டிப்போனார். பெரிய மார்க்கெட் பக்கம், ஆனந்தரங்கப் பிள்ளை வீடு. 1738இல் கட்டியது. கீழே மரத்தூண் வைத்த நம்மூர் முற்றம், மாடியில் பிரெஞ்சுத் தூண்கள். பிள்ளை, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்தவர். 1736 முதல் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். 1761 ஜனவரியில் அவர் இறந்தார், அதே மாதம் ஊரும் விழுந்தது. ஆக, ‘பிரெஞ்சு நகரத்தில்’ அந்தக் காலத்து வீடு என்று நான் உள்ளே போய்ப் பார்த்தது ஒரு தமிழன் வீட்டை.

எங்கள் அப்பா ரோடியர் துணி மில்லில் வேலை பார்த்தவர். ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) என்பது காகிதத்தில்தான், எங்களுக்கு ரோடியர். சங்கு ஊதினால் எங்கள் வீட்டில் உலை வைப்பார்கள். பாண்டி உல்லாச ஊராக ஆனது நேற்று வந்த கதை. அதற்கு முன்னால் இது மில் ஊர். 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் வேலை நிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மேல் பிரெஞ்சுப் பட்டாளம் சுட்டதில் 12 பேர் செத்தார்கள். அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் எட்டு மணி நேர வேலை கிடைத்தது. எங்கள் அப்பா அந்த நாளில் சவரம்கூடச் செய்துகொள்ள மாட்டார். ஜூலை 14க்கும் ஜூலை 30க்கும் நடுவே பதினாறே நாள். ஒன்றுக்கு வரும் கேமரா இன்னொன்றுக்கு வருவதில்லை. இப்போது சங்கும் இல்லை, மில்லும் இல்லை.

உப்பளத்துப் பேத்தி:

கோபமெல்லாம் இல்லை. எங்கள் பாட்டியின் அண்ணன் சவானாவில்தான் இருந்தார். அவரும் தாத்தாவும் ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள். அதைத் தனியாக எழுதுகிறேன், நீளும்.

திண்டிவனத்தான்:

கட்டாயம் எழுதுங்கள்.

என் கதையில் மிச்சம் ஒன்று இருக்கிறது. 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு மாதிரி ஓர் இரும்பு அமைப்பை இறக்கினார்கள். அலையின் வேகத்தைக் குறைத்து மணலைத் தங்க வைப்பதற்கு. வேலை செய்தது. கல் மறைந்து மணல் ஏறியது, பிள்ளைகள் காலை நனைக்கிறார்கள், காந்தி சிலைப் பக்கம் போகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். அதைப் பார்த்த சந்தோஷத்தில் வைத்திக்குப்பம் போய் அந்தப் பெரியவரைத் தேடினேன். இருந்தார். கண் மங்கிவிட்டது, வலையைத் தடவித் தடவித்தான் தைக்கிறார்.

“தாத்தா, மணல் வந்துடுச்சு, பாத்தீங்களா?”

“பார்த்தேன். கலெக்டருங்க, மந்திரிங்க போற எடத்துல வந்திருக்குது.” ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு நூலை இழுத்தார். “மாசி மகத்துக்கு மயிலத்து முருகன் இங்கதான தீர்த்தவாரிக்கு வருவாரு? அவரு எங்க நிப்பாருன்னு யாராச்சும் யோசிச்சாங்களா?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. வலையின் மறுமுனையை என்னிடம் கொடுத்து, “சும்மா நிக்கிற, இழுத்துப் புடி” என்றார். இருட்டும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.