மீன்வளமா, கம்ப்யூட்டரா? அண்ணன்மார், அக்காமார் கொஞ்சம் சொல்லுங்க

குலசேகரம் பக்கம் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன், கணக்கு-உயிரியல் குரூப். இந்த குரூப் எடுத்ததால் எல்லாக் கதவும் திறந்திருக்கிறது, அதுதான் இப்போது தலைவலியே. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் பி.எப்.எஸ்சி. (மீன்வள அறிவியல் பட்டப்படிப்பு, நான்கு வருடம்) படிக்க ஆசை, ஏனென்றால் குளச்சலில் மாமா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஏலத்தில் வந்து விழும் மீன்களைப் பெயர் கேட்டுக் கேட்டு நோட்டில் வரைந்து வைப்பேன். அப்புறம் கோடிங்கும் பிடிக்கும், யூடியூப் பார்த்து பைத்தான் கொஞ்சம் கற்றேன், அப்பா பால் வெட்டுகிற ரப்பர் தோட்டத்துக்கு ரப்பர் ஷீட் கணக்குப் போட ஒரு சின்ன புரோகிராம்கூட எழுதிக் கொடுத்தேன். வீட்டில் கேட்டால் நர்சிங் படி, வெளிநாடு போகலாம் என்கிறார்கள், எங்கள் ஊரில் இது யார் வீட்டிலும் கேட்கிற பேச்சுதானே.

அரசுப் பள்ளிக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு பொறியியலுக்கும் மீன்வளத்துக்கும் உண்டு, அதனால் இரண்டுக்கும் விண்ணப்பிக்கப் போகிறேன். ஆனால் இரண்டிலும் இடம் கிடைத்தால்? மீன்வளம் படித்தவர்கள் யாராவது இருந்தால், அரசு வேலைத் தேர்வைத் தவிர வேறு என்ன வேலைக்குப் போனீர்கள், பெண்களைக் களப்பணிக்கு எடுக்கிறார்களா, இதை மட்டும் உள்ளபடி சொல்லுங்கள். கம்ப்யூட்டர் படித்துவிட்டு உயிரியல் பக்கம் வந்தவர்களும் பதில் போடுங்கள்.