மாடி பாத்ரூம் கசிவு – குடும்பக் குழு

மீனா: மாடி பாத்ரூம்ல இருந்து ஒழுகி நம்ம ஹால் சீலிங் ஊறிப்போச்சு. பிளம்பர் வந்தாச்சு. செலவு யாரோடதுன்னு மாடில வாடகைக்கு இருக்கறவங்க கேக்கறாங்க

பாபு: புழங்கறது அவங்க

மாமா: அவசரப்படாத பாபு. எங்க கசியுதுன்னு தெரியாம அதப் பேச முடியாது. அக்ரிமென்ட்ல வேற மாதிரி எழுதலன்னா, வாஷர் தேஞ்சது, முடி அடைச்ச டிராப் (தரையில தண்ணி போற வாய்) எல்லாம் குடியிருக்கறவங்க பாத்துக்கணும். சுவருக்குள்ள போற லைன், கழிவுக் குழாய், தரை வாட்டர்புரூஃபிங் நம்மளோடது. முதல்ல பிரஷர் டெஸ்ட். கீசர கழட்டி முனைகள பிளக் பண்ணி, பம்புல அழுத்தம் ஏத்தி, அரை மணி நேரம் முள் இறங்குதான்னு பாக்கணும். இறங்கலன்னா கசிவு தரையிலயோ கழிவுக் குழாயிலயோ இருக்கும். டிராப்ப அடைச்சு ஒரு இஞ்ச் தண்ணி நிறுத்திப் பாக்கணும்

மாமா: ஹாட் லைன், கோல்டு லைன் தனித்தனியா

அம்மா: வியாழக்கிழமை அப்பாவ செக்கப்புக்கு யார் கூட்டிட்டுப் போறீங்க?

செந்தில்: பாபு?

பாபு: போன தடவையும் நான்தான்

மீனா: மாமா, கோல்டு ஓகே. ஹாட்ல முள் இறங்குது. டைல் எடுத்தாச்சு, போட்டோ பாருங்க

மாமா: கீசர் பக்கம் ஒரு சாண் துண்டும் எல்போவும் வெள்ளையா இருக்கே. மேல என்ன எழுதியிருக்கு?

மீனா: அதுல யுபிவிசி. மத்ததுல சிபிவிசி

மாமா: அதான் விஷயம். யுபிவிசி பச்சத்தண்ணிக்கான பிளாஸ்டிக் குழாய், 60 டிகிரி தாண்டினா இளகிடும். சிபிவிசி சுடுதண்ணிக்கானது, 93 வரை தாங்கும். அளவும் வேற, நேரா ஒட்டாது, அதான் நடுவுல திருகு ஜாயின்ட். இது புழங்கித் தேஞ்சது இல்ல, தப்பான சாமான். போட்டவங்க கொடுக்கணும். டைல், சீலிங் பூச்சும் சேத்து

செந்தில்: அந்த வேலைய நின்னு பாத்தது யாரு பாபு

பாபு: மலிவா முடின்னு சொன்னது யாரு

அம்மா: இங்க வேண்டாம்பா

மீனா: கீசர் அவங்க கொண்டு வந்தது மாமா

மாமா: அப்போ அவங்க ஆள் போட்ட துண்டாவும் இருக்கலாம். சாவி கொடுத்தப்ப எடுத்த போட்டோ இருக்கா? அதுக்காக வேலைய நிறுத்தாதீங்க

செந்தில்: பழைய போன்ல இருக்கும். தேடறேன். வியாழன் நான் லீவு போடறேன்மா

அம்மா: ஃபைல் மேல் ஷெல்ஃப்ல

பாபு: பிளம்பருக்கு?

மீனா: குடுத்துட்டேன். கணக்கு அப்புறம்

மாமா: பில்லும் கழட்டின துண்டும் பத்திரம். பசை டப்பா மேல போட்டிருக்கற நேரம் ஆகாம தண்ணி விடக்கூடாது. மறுபடி டெஸ்ட் பண்ணிட்டுதான் டைல் ஒட்டணும். சீலிங் நல்லா காஞ்சாதான் பெயிண்ட், இல்லன்னா உரிஞ்சிடும்