என் சாதகத்தை (தினசரிப் பாட்டுப் பயிற்சியை) வகுப்பறைக்குள் கொண்டுவருவது எப்படி?

வணக்கம். புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் ஒன்பது ஆண்டுகளாக வாய்ப்பாட்டு கற்பிக்கிறேன். கச்சேரிகளும் செய்து வருகிறேன். மேடையில் நான் பாடும் விதத்துக்கும் வகுப்பில் நடத்தும் பாடத்துக்கும் தொடர்பே இல்லாமல் போய்விட்டதுதான் என் சிக்கல்.

இளங்கலை இரண்டாம் ஆண்டில் 14 மாணவர்கள் இருக்கிறார்கள். வர்ணம் என்னும் பயிற்சிப் பாடலை இரண்டு காலத்திலும் (வேகத்திலும்) பிசகாமல் பாடும் இவர்களிடம் தோடி ராகத்தில் இரண்டு நிமிடம் ஆலாபனை செய்யச் (பாடல் வரிகள் இல்லாமல், சொந்தக் கற்பனையில் ராகத்தை விரித்துப் பாடச்) சொன்னால், ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைய வேண்டிய காந்தார ஸ்வரத்தை நேராக நிறுத்திவிட்டு, அடுத்து எங்கே போவதென்று தெரியாமல் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

ஜூன் மாதத்திலிருந்து பலவற்றை முயன்றுவிட்டேன். என் கச்சேரிப் பதிவுகளைக் கேட்கச் செய்தபோது, நான் மூச்சு வாங்கிய இடம் உட்பட அப்படியே மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். ஒவ்வொரு பிடியையும் (ராகத்தின் சிறு ஸ்வரத் தொடரையும்) ஏன் எடுத்தேன் என்று பாடிக்கொண்டே விளக்கியபோது என் பாட்டே இறுகிப்போனது. பிறகு, காலை ஐந்து மணிச் சாதகத்தின்போது மூவரை அருகில் உட்காரவைத்தேன். ஒரே பிடி எனக்குச் சரியாக அமையாமல், பத்து முறை தவறித் திருத்திக்கொண்டதை அவர்கள் கேட்டார்கள். மறுவாரம் அவர்களில் ஒரு மாணவி, நான் ஒருபோதும் பாடியிராத ஒரு சஞ்சாரத்தை (ராகத்தில் ஸ்வரங்கள் நகரும் போக்கை) தானாகவே பாடினாள். குருகுலத்தில் இயல்பாக நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் 14 பேரையும் விடியற்காலையில் வரச்சொல்ல முடியாது. பாடவேளையோ 50 நிமிடம்தான், அதிலும் பெரும்பகுதி தேர்வுக்கான உருப்படிகளுக்கே (பாடல்களுக்கே) போய்விடுகிறது.

தங்கள் சாதகத்தையே வகுப்பில் பாடமாக நடத்திய ஆசிரியர்கள், அந்த 50 நிமிடத்தை எப்படிப் பிரித்துக்கொண்டீர்கள்?