செயலியின் (புராசஸரின்) வேகம் என்று காட்டப்படும் எண் எங்கிருந்து வருகிறது?

கீழக்கரை ஸ்டுடியோ:
வணக்கம். திருமண வீடியோக்களைத் தொகுக்கும் எங்கள் கடை லேப்டாப்பில் லினக்ஸ், விண்டோஸ் இரண்டும் உள்ளன. செயலியின் அடிப்படை வேகம் 1.8 கிகாஹெர்ட்ஸ். லினக்ஸில் வேலை எதுவும் ஓடாதபோதும் ஒரு கோருக்கு (செயலிக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகளில் ஒன்று) 800 மெகாஹெர்ட்ஸ் என்றும் அடுத்த கோருக்கு 2,700 என்றும் வருகிறது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரோ ஒரே எண்ணைத்தான் தருகிறது. எதை நம்புவது?

மண்டபம் லினக்ஸ்:
லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அந்த எண்ணைக் கணக்கிட்டுத்தான் சொல்கிறது. இன்டெல், ஏஎம்டி செயலிகளின் ஒவ்வொரு கோரிலும் ஏபெர்ஃப், எம்பெர்ஃப் என இரண்டு எண்ணிகள் உண்டு. முன்னது கோர் உண்மையில் ஓடும் வேகத்திலும், பின்னது மாறாத அடிப்படை வேகத்திலும் ஏறிக்கொண்டே போகும். ஓர் இடைவெளியில் எம்பெர்ஃப் ஏறியதைப் போல் ஒன்றரை மடங்கு ஏபெர்ஃப் ஏறியிருந்தால், 1.8 கிகாஹெர்ட்ஸை (1,800 மெகாஹெர்ட்ஸ்) 1.5-ஆல் பெருக்கி 2,700 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டும்.

கோர் உறங்கும்போது இரண்டு எண்ணிகளும் நின்றுவிடுகின்றன. ஆகவே அந்த 2,700 என்பது கோர் விழித்திருந்த சொற்ப நேரத்தின் வேகம் மட்டுமே. நீங்கள் வேகத்தைக் கேட்ட கட்டளையை ஓட்டுவதற்காகவேகூட அது விழித்திருக்கலாம்! 2022-க்குப் பின் வந்த கெர்னல்களில், கடைசி அளவீடு 20 மில்லிசெகண்டுக்கு மேல் பழையதானால், கோர் சும்மா இருப்பதாகக் கருதி, செயலியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் மென்பொருள் குறித்து வைத்திருக்கும் எண்ணையே காட்டிவிடுவார்கள். எனவே அந்த 800-ஐ அளவீடாகக் கொள்ள வேண்டாம். வேலை ஓடும்போது டர்போஸ்டாட் கருவியை ரூட் (நிர்வாகி) அனுமதியுடன் இயக்கிப் பாருங்கள். விழித்திருந்த நேரத்தின் சராசரியையும் மொத்த நேரத்தின் சராசரியையும் அது தனித்தனியே தரும்.

தொண்டி வாசகர்:
டாஸ்க் மேனேஜரும் அடிப்படை வேகத்தைச் செயல்திறன் சதவீதத்தால் பெருக்கித்தான் சொல்கிறது. எல்லாக் கோர்களுக்கும் சேர்த்து ஒரே எண்ணாக. எப்போதும் 1.8 என்றே காட்டும் சில சிறு கருவிகளை ஒதுக்கிவிடலாம்.

கீழக்கரை ஸ்டுடியோ:
மிக்க நன்றி. டர்போஸ்டாட்டில் வீடியோ மாற்றம் தொடங்கியதும் 3,400 வருகிறது. சற்று நேரத்தில் 2,300-க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. கடை கடற்கரையை ஒட்டி இருப்பதால் உப்புக்காற்றில் ஃபேன் கெட்டிருக்குமோ?

மண்டபம் லினக்ஸ்:
ஃபேனைக் கழற்றும் முன் அதே கருவியில் வெப்பநிலை, வாட் ஆகிய இரு பத்திகளையும் பாருங்கள். இவ்வகைச் செயலிகளின் நீடித்த மின்வரம்பு பெரும்பாலும் 15 வாட். வாட் அந்த வரம்பிலேயே நின்று, வெப்பநிலை 100 டிகிரிக்கு வெகு கீழே இருந்தால், டர்போவுக்கான, அதாவது இந்த வரம்பைத் தாண்டி மின்சாரம் எடுத்து வேகமாக ஓடுவதற்கான, குறுகிய அவகாசம் முடிந்துவிட்டது என்றே பொருள். லேப்டாப்பில் குறை இல்லை. வெப்பம் 100-ஐ ஒட்டி நிற்க, வாட் வரம்புக்குக் கீழே இறங்கினால் மட்டும் ஃபேனைத் திறந்து பாருங்கள்.