கடலில் விழுந்த போர் விமானத்தில் சென்றவரின் பெயரை எங்கே தேடுவது?

கேள்வி: குன்னூர்ப் பேத்தி

அனைவருக்கும் வணக்கம். என் பாட்டியின் அண்ணனைப் பற்றிக் கேட்பதற்காக இங்கே எழுதுகிறேன். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவரின் மூத்த மகன் அவர். இரண்டாம் உலகப் போரின்போது விமானப்படையில் சேர்ந்து, வானிலிருந்து கம்பியில்லாத் தந்தி அனுப்பவும் துப்பாக்கி இயக்கவும் பயிற்சி பெற்றார். 1942 ஆம் ஆண்டில், வங்கக் கடலின்மேல் ரோந்து சென்ற விமானம் திரும்பவில்லை என்றும், அதில் இருந்தவர்கள் காணாமற்போனார்கள் என்றும் வீட்டுக்குத் தந்தி வந்தது. பல மாதங்கள் கழித்து வந்த கடிதம், அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளப்படுகிறார் என்று தெரிவித்தது. இரண்டு தாள்களும் எங்களிடம் இருக்கின்றன. தந்தி நான்காக மடித்தே வைக்கப்பட்டிருந்ததால், மடிப்பில் இருந்த எழுத்துகள் உதிர்ந்துவிட்டன. நாளும் அந்த மடிப்போடு போய்விட்டது.

குடும்ப ஓய்வூதியப் படிவத்தில் கைநாட்டு வைக்க என் கொள்ளுப்பாட்டி நெடுநாள் மறுத்தாராம். கைநாட்டு வைத்தால், மகன் இறந்துவிட்டான் என்று பெற்றவளே எழுதிக் கொடுத்ததாகிவிடும் என்பது அவருடைய வாதம். திதி தெரியாததால், இன்றுவரை எங்கள் வீட்டில் அவருக்கு மகாளய அமாவாசையன்றுதான் படைக்கிறோம்.

ஒரு விமானம் முழுவதும், அதில் இருந்த அத்தனை பேரோடும், தடயமே இல்லாமல் எப்படி மறைய முடியும் என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டும். இறந்துவிட்டதாக எதை வைத்து முடிவு செய்தார்கள் என்பதும் எங்களுக்குப் புரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவருடைய பெயர் ஏதாவது ஒரு கல்லிலாவது பொறிக்கப்பட்டிருக்கிறதா, அதை நாங்கள் போய்ப் பார்க்க முடியுமா என்பதை அறிய விரும்புகிறோம். பாட்டிக்கு வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது.

மறுமொழி: வெலிங்டன் மாலுமி

அம்மா, வணக்கம். கடற்படையின் விமானப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது வெலிங்டனில் இருக்கிறேன். தங்கள் முதல் இரண்டு கேள்விகளுக்கும் என்னால் பதில் சொல்ல முடியும்.

ரோந்து விமானம் பெரும்பாலும் தனியாகவே செல்லும். எதிரிக்கு இடம் தெரிந்துவிடக்கூடாது என்பதற்காக வானொலியில் பேசாமல், மணிக்கணக்கில் வெறும் நீரின்மேல் பறக்கும். அக்காலத்தில் செயற்கைக்கோள் வழிகாட்டி கிடையாது. திசைகாட்டி, கடிகாரம், காற்று விமானத்தை எவ்வளவு தள்ளுகிறது என்ற கணிப்பு ஆகிய மூன்றையும் கொண்டுதான் வழிகாட்டி அலுவலர் தாம் இருக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்து வந்தார். திசையில் ஒரு பாகை பிசகினால் 60 மைலுக்கு ஒரு மைல் விலகல் ஏற்படும் என்பது எங்களுக்குக் கற்றுத் தரப்பட்ட பாலபாடம். 5 பாகை பிசகோடு 600 மைல் சென்ற விமானம், தான் இருப்பதாக நினைத்த இடத்திலிருந்து 50 மைல் தள்ளி இருந்திருக்கும். அந்த நிலையில் இயந்திரம் நின்றோ எதிரியின் குண்டு பட்டோ விழுந்தால், கடைசி நொடியில் அவர் அனுப்பிய இடக்குறிப்பே தவறாக இருக்கும். தேடிச் சென்ற விமானிகளின் நிலை, லாம்ப்ஸ் ராக் பாறையில் நின்றுகொண்டு மேட்டுப்பாளையம் சமவெளியில் ஒரு தனி மனிதனைத் தேடுவதைப் போன்றது. அதிலும் அந்த மனிதன் நின்ற இடத்தில் நிற்காமல் நீரோட்டத்தோடு நகர்ந்துகொண்டே இருப்பான்.

நீரில் இறங்கும் அந்தக் கணமும் கொடியது. நூறு மைல் வேகத்தில் மோதும்போது கடல் தரையைப் போலவே கெட்டியாக இருக்கும். லிபரேட்டர் என்ற நான்கு இயந்திர விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுந்தூரக் கடல் ரோந்துக்கு அதற்கு இணையான விமானங்கள் அன்று மிகக் குறைவு. ஆனால் அதன் இறக்கை உடலின் மேற்புறத்தில் பொருத்தப்பட்டிருந்ததால் நீரில் உடல்தான் முதலில் அடி வாங்கும். குண்டு அறையை மூடியிருந்த, பக்கவாட்டில் சுருண்டேறும் மெல்லிய தகட்டுக் கதவுகள் அந்த அடியிலேயே பிய்ந்து, நீர் உள்ளே பாயும். அப்படி இறங்கிய லிபரேட்டர்களிலிருந்து ரப்பர்ப் படகை வெளியே எடுக்கக்கூட நேரம் கிடைக்காமல் போனவர்கள் பலர்.

அப்படியிருந்தும், திரும்பாதவரை உடனே இறந்தவர் பட்டியலில் சேர்க்காததற்கு நல்ல காரணம் இருந்தது. 1942 ஏப்ரல் 4 அன்று, இலங்கையின் கொக்கலையிலிருந்து புறப்பட்ட ஒரு கேட்டலினா கடல் விமானம், இலங்கையைத் தாக்க வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு, செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டது. கனடிய விமானி லெனார்ட் பிர்ச்சாலும் அவருடன் இருந்தவர்களுமாக ஒன்பது பேரில் மூவர் இறந்தனர். மற்ற அறுவரையும் ஜப்பானியர் நீரிலிருந்து எடுத்துச் சிறைப்படுத்தினர். கரையில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் செய்தி பாதியில் நின்றது என்பது மட்டுமே. இவ்வாறு பிழைத்தவர்களும் உண்டு என்பதால்தான் முதலில் காணாமற்போனவர் என்று அறிவித்து, வழக்கமாக ஆறு மாத காலம் வரை எந்தச் செய்தியும், எதிரியிடமிருந்து கைதிகள் பட்டியலில் பெயரும் வராத பிறகே, இறந்ததாகக் கொள்ளப்படுகிறார் என்று எழுதினார்கள். தங்களுக்கு வந்த கடிதம் அந்த நடைமுறையின் முடிவு. தங்கள் கொள்ளுப்பாட்டி கைநாட்டு வைக்க மறுத்த அந்த மாதங்களில், அரசும் தன் ஏட்டில் அவரை இறந்தவராக எழுதியிருக்கவில்லை.

எங்கள் பிரிவிலும் இத்தகைய இழப்பு உண்டு. குக்ரி போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்ட மறுநாள், 1971 டிசம்பர் 10 அன்று, நம் கடற்படையின் அலிசே விமானம் ஒன்று அரபிக் கடலின்மேல் பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் விமானத்தால் வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த மூவரும் திரும்பவில்லை. இரண்டு நாள் கழித்து, பாகிஸ்தானின் விங் கமாண்டர் மெர்வின் மிடில்கோட்டின் ஸ்டார்ஃபைட்டரை நம் மிக் 21 கட்ச் வளைகுடாவின்மேல் வீழ்த்தியது. அவர் விமானத்திலிருந்து வெளியேறிக் கடலில் விழுந்ததை வீழ்த்திய விமானியே பார்த்திருக்கிறார்; ஆனாலும் ஆள் கிடைக்கவில்லை. பகலில், பார்த்துக்கொண்டிருந்த கண்ணெதிரிலேயே விழுந்தவரைக்கூடக் கடல் திருப்பித் தரவில்லை என்றால், 1942 இல் யாரும் பார்க்காமல் விழுந்தவர்களைத் தேடிச் சலித்தவர்களைக் குறை சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

மறுமொழி: கோத்தகிரி ஆவணப்பித்தன்

சகோதரிக்கு வணக்கம். பெயர் கல்லில் இருக்க வேண்டும். அதற்கான இடம் பெரும்பாலும் சிங்கப்பூர்.

கிராஞ்சி போர்க் கல்லறையின் உச்சியில் இருக்கும் சிங்கப்பூர் நினைவகத்தில், கல்லறை இல்லாத 24,000க்கும் மேற்பட்ட காமன்வெல்த் படையினரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தெற்கு, கிழக்கு ஆசியா முழுவதிலும் அதைச் சூழ்ந்த கடல்களிலும் பறந்து மறைந்த விமானப்படையினருக்கும் அதுவே நினைவிடம். இந்திய விமானப்படையினரும் அதில் அடங்குவர். 1957 மார்ச் 2 அன்று திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் தூண்கள் அணிவகுத்து நிற்கும் தரைப்படையையும், கூரை விமானத்தின் இறக்கையையும், நடுவில் எழும் கோபுரம் கப்பற்படையையும் குறிக்கின்றன. பெயர்கள் அந்தத் தூண்களில்தான் வரிசையாக உள்ளன.

போவதற்கு முன்பு, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். எந்தத் தூண் என்பது வரை அதில் கிடைக்கும். தேடும்போது நம் பெயர்களுக்கே உரிய ஒரு சிக்கல் எதிர்ப்படும். ஆங்கிலேய எழுத்தர்களுக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று வேண்டியிருந்தது. நமக்கோ அது இல்லை. ஆகவே ஒருவரின் சொந்தப் பெயரும், தந்தையின் பெயரும், சில வேளைகளில் சாதிப் பட்டமும், அந்த இடத்தில் மாறி மாறி நிரப்பப்பட்டிருக்கும். சுப்பிரமணியன் என்ற பெயரையே எத்தனை விதமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் எழுதினார்கள் என்பதை அந்தப் பட்டியலைப் பார்த்தால் அறியலாம். ஒருமுறை தேடிக் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். தந்தையின் பெயரைக் கொண்டும், பெயரின் முதல் நான்கு எழுத்துகளை மட்டும் கொண்டும், படைப்பிரிவையும் ஆண்டையும் மட்டும் கொண்டும் தேடுங்கள். கூடுதல் விவரம் என்ற பகுதியில், பெற்றோர் பெயரும் ஊரும் குறிக்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு.

பெயரே விடுபட்டிருந்தாலும் வழி அடைந்துவிடவில்லை. பணியில் இருக்கும்போது இறந்ததற்கான சான்று காட்டினால், விடுபட்ட பெயரைச் சேர்ப்பது குறித்து ஆணையம் பரிசீலிக்கும். தங்களிடம் உள்ள இரண்டு தாள்களும் அத்தகைய சான்றுகளே. அவற்றை லேமினேட் செய்துவிட வேண்டாம். வெப்பமும் பசையும் பழைய தாளைக் கெடுத்துவிடும். மடிப்பை நீக்கிப் படம் எடுத்த பிறகு, அமிலமற்ற உறையில் விரித்து வையுங்கள்.

குன்னூர்ப் பேத்தி

இருவருக்கும் மிக்க நன்றி. மாலுமி ஐயா எழுதியதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். ஆறு மாதம் பற்றிய பகுதியை மறுபடியும் படிக்கச் சொன்னார். ஓய்வூதியத் தாளின் ஓரத்தில் ஓர் எண் பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. அது அவருடைய படை எண்ணாக இருக்குமா? சென்னை நந்தம்பாக்கத்தில் ஒரு போர்க் கல்லறை இருக்கிறதே, அங்கே தேடுவதில் பயன் உண்டா?

மறுமொழி: கொடைக்கானல் ஏரிக்கரை

நந்தம்பாக்கத்தில் இருப்பது உடல் கிடைத்தவர்களின் கல்லறைகள். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் சிதறிக் கிடந்த, தொடர்ந்து பராமரிக்க முடியாத கல்லறைகளை ஓரிடத்தில் சேர்ப்பதற்காக அமைக்கப்பட்ட இடம் அது. உடல் கரை ஒதுங்கியிருந்தாலொழிய அங்கே தங்கள் பாட்டியாரின் அண்ணன் பெயர் இருக்காது.

ஆனால் சென்னையைச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பரங்கிமலையிலிருந்து 1944 முதல் லிபரேட்டர் விமானங்களைக் கொண்டு கடல் ரோந்து செய்த 200 ஆம் படைப்பிரிவு, அதற்கு முன் மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்தது. அங்கே 1943 ஆகஸ்ட் 11 அன்று, நியூசிலாந்தைச் சேர்ந்த லாயிட் டிரிக் என்ற விமானி, தீப்பற்றிய விமானத்தைத் திருப்பாமல் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியைத் தாக்கி மூழ்கடித்தார். விமானத்தில் இருந்த எட்டுப் பேரும் கடலில் இறந்தனர். நீர்மூழ்கியில் தப்பிய ஏழு பேர், அந்த விமானத்திலிருந்து மிதந்து வந்த ரப்பர்ப் படகில் ஏறித்தான் உயிர் பிழைத்தார்கள். டிரிக்கின் துணிவைச் சொன்னவர்கள் அவர்களே. எதிரிகளின் சாட்சியத்தைக் கொண்டே அவருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. அந்த எழுவரும் பிழைத்திராவிட்டால், அதுவும் தடயமின்றி மறைந்த இன்னொரு விமானமாகவே ஏட்டில் நின்றிருக்கும். எனவே தங்கள் விமானம் மறைந்த நாள் 1942 ஏப்ரல் முதல் வாரங்களில் அமையுமானால், ஜப்பானியக் கப்பற்படையின் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்நாட்களில் அவர்களுடைய விமானந்தாங்கிக் கப்பல்கள் வங்கக் கடலில்தான் இருந்தன.

விமானமே கிடைக்குமா என்று தாங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குச் சென்ற ஏஎன் 32 விமானம் 29 பேருடன் மறைந்தது போர்க்கால இழப்பு அன்று; ஆனால் அதே கடல். அதன் சிதைவுகளை 2024 ஜனவரியில், சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில், தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம் கண்டறிந்தது. ரேடாரில் கடைசி இடம் தெரிந்திருந்த விமானத்துக்கே ஏழாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கடைசி இடமே தெரியாத 1942 இன் விமானத்தைப் பற்றி நான் நம்பிக்கை ஊட்ட மாட்டேன்.

மறுமொழி: கோத்தகிரி ஆவணப்பித்தன்

பென்சில் எண் படை எண்ணாக இருக்கலாம். ஓய்வூதிய ஆணை எண்ணாகவும் இருக்கலாம். கடிதத்தின் தலைப்பில் பெயருக்கு முன்னால் அச்சிலோ தட்டச்சிலோ ஓர் எண் இருக்கிறதா என்று பார்த்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். பொருந்தினால் அதுவே படை எண்.

அதன்பின் இரண்டு இடங்களுக்கு எழுத வேண்டும். முதலாவது, புதுதில்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள விமானப்படை ஆவண அலுவலகம். உறவுமுறைச் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். உதகையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் விண்ணப்பத்துக்கு உதவுவார்கள். இரண்டாவது, இலண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். அங்கே ஏஐஆர் 27 என்ற தொகுப்பில் படைப்பிரிவுகளின் நடவடிக்கைப் பதிவேடுகள் இருக்கின்றன. அவற்றில் படிவம் 541 என்ற பக்கங்களைக் கேளுங்கள். ஒவ்வொரு பறப்புக்கும் விமானத்தின் எண், அதில் சென்றவர்களின் பெயர்கள், புறப்பட்ட நேரம், இறங்கிய நேரம் என்று கட்டம் கட்டமாக எழுதியிருப்பார்கள். தங்களுக்கு வேண்டிய வரியில் இறங்கிய நேரம் இருக்காது. ஆனால் நாள் இருக்கும். நாள் கிடைத்துவிட்டால் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திதியைக் கணக்கிட்டுவிடலாம்.

படை எண்ணை இந்தப் பொதுவெளியில் இட வேண்டாம். எனக்குத் தனிமடலில் கடிதத்தின் படத்தை அனுப்பினால், படைப்பிரிவின் பெயர்ச் சுருக்கத்தைப் படித்துச் சொல்கிறேன். அது தெரியாமல் கியூவுக்கு எழுதினால், எந்த ஏடு என்று கேட்டுத் திருப்பிவிடுவார்கள்.