தோழிகளோடு மூன்று நாள் வெளியூர்: களைப்பு உண்மையிலேயே தீர்கிறதா?

கார்முகில்:

பெண்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது வீட்டை விட்டுத் தோழிகளோடு வெளியூர் போய்வர வேண்டும், அப்போதுதான் மனம் தெளியும் என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. நான் இதை ஏற்கவில்லை. நட்பு தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதற்குப் பயணம்தான் வழி என்பதைத்தான் மறுக்கிறேன்.

முதலில், பயன் நிற்பதில்லை. ஜெசிகா டி ப்ளூமும் அவரோடு பணிபுரிந்தவர்களும் நெதர்லாந்துப் பணியாளர்களை வைத்துச் செய்த ஆய்வு 2013இல் வந்தது. சராசரியாக 23 நாள் விடுமுறை எடுத்தவர்களின் நலம் எட்டாம் நாள் வாக்கில் உச்சத்தைத் தொட்டது. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்துக்குள் பழைய நிலைக்கே இறங்கிவிட்டது. 23 நாளுக்கே இப்படி என்றால் மூன்று நாளிடம் என்ன எதிர்பார்ப்பது?

அடுத்து மணிக்கணக்கு. மூன்று நாளில், நாளுக்கு 14 மணி நேரம் விழித்திருந்தால் 42 மணி. போகவர எட்டு மணியைக் கழித்தால் 34. வாரம் ஒரு மணி நேரம் ஒரு தோழியோடு நடந்தால் ஆண்டுக்கு 52. பெட்டி கட்ட வேண்டாம், யாரிடமும் விடுப்பு கேட்க வேண்டாம்.

இன்னொன்று. திட்டமிடும் வேலை எப்போதும் ஒருத்தி தலையில்தான் விழுகிறது. அவள் ஓய்வெடுக்கப் போவதில்லை, இன்னொரு குடும்பத்தை நடத்தப் போகிறாள்.

செங்காந்தள்:

கார்முகில், அந்த 52 மணி ஒரே ஊரில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும். படிப்பு, வேலை, திருமணம் என்று நால்வரும் நான்கு திசையில் போன பிறகு எங்கே நடப்பது? நெதர்லாந்தில் ஜெரால்டு மோலென்ஹார்ஸ்ட் 2009இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஏழு ஆண்டுகளில் ஒருவருடைய நெருங்கிய வட்டத்தில் ஏறத்தாழப் பாதிப் பேர் மாறிவிடுகிறார்கள். யாரும் சண்டை போட்டுப் பிரிய வேண்டியதில்லை. சந்திக்கும் இடமும் வாய்ப்பும் போனால் நட்பும் தேய்கிறது. பயணம் அந்த வாய்ப்பை வலிந்து உண்டாக்குகிறது.

போகவர ஆகும் எட்டு மணியைக் கழித்ததும் சரியில்லை. முகத்தைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டு பேசும்போதுதான் பல கடினமான விஷயங்கள் வாயில் வருகின்றன. முதல் மாலை முழுவதும் செய்திப் பரிமாற்றத்தில் போய்விடும்: யார் எங்கே, குழந்தை என்ன படிக்கிறது, அம்மாவின் உடல்நிலை எப்படி. மனதில் இருப்பது இரண்டாம் இரவில்தான் வெளியே வரும். ஒரு மணி நேர நடையில் அந்த இடம் வரைக்கும் போகவே முடியாது.

"ஒருத்தி தலையில் விழுகிறது" என்பது மட்டும் உண்மை. அதற்கு வழி இருக்கிறது. வேலையை நான்காகப் பிரிக்க வேண்டும்: தங்குமிடம் ஒருவர், போக்குவரத்து ஒருவர், பொதுப்பணம் ஒருவர், நாளின் ஒழுங்கு ஒருவர். தன் பகுதியில் அவர் எடுப்பதே முடிவு. மற்றவர்கள் கருத்து சொல்ல ஒரு நாள் அவகாசம், அதன்பின் பேச்சில்லை. குழு அரட்டையில் "எதுவானாலும் சரி" என்று எழுதுவதைத் தடை செய்யுங்கள். அந்த ஒரு வரிதான் முழுச் சுமையையும் ஒருத்தி மேல் தள்ளுகிறது.

தேதி குறிப்பதில்தான் பெரும்பாலான பயணங்கள் செத்துப்போகின்றன. "எல்லோருக்கும் எப்போது வசதி?" என்று கேட்டால் ஆறு மாதம் ஓடிவிடும். நகர்த்தவே முடியாத நாள்கள் யாரிடம் அதிகம் இருக்கின்றனவோ, அவர் இரண்டு தேதிகளைச் சொல்லட்டும். மற்றவர்கள் ஐந்து நாளுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். மூவர் உறுதி சொன்னால் முன்பணம் கட்டிவிடுங்கள். இடத்தைத் தேதிக்குப் பிறகுதான் பேச வேண்டும். ஒவ்வொருவர் வீட்டு வாசலிலிருந்தும் நான்கு மணி நேரத்துக்குள் வரக்கூடிய இடமாக இருந்தால் போதும். அதைத் தாண்டினால் முதல் நாள் உடல் வலியில் போய்விடும்.

ஆழிமதி:

ரெண்டு பேரும் பயணத்தைப் பத்தியே பேசுறீங்க. சிக்கல் வீட்டுல இருக்குங்க. மனசு ஆறாம திரும்பி வர்றவங்கள்ல நிறையப் பேர் வீட்டை ஒப்படைக்காமலே போனவங்க.

பட்டியல் எழுதி ஒட்டிட்டுப் போறது ஒப்படைப்பு இல்ல. அது தூரத்துல இருந்து வீட்டை நடத்துறது. என்ன செய்யணும்னு யோசிக்கிற வேலை அப்பவும் உங்க தலையிலதான் இருக்கு. ரெண்டு வாரம் முன்னாடியே ஒரு முழு நாள் ஒத்திகை வைங்க. காலைல கிளம்பி ராத்திரி வாங்க, நடுவுல போன் பண்ணாதீங்க. அன்னைக்கு எது எது தடுமாறுச்சோ அதுதான் நீங்க சொல்லிக்கொடுக்க வேண்டியது. வழக்கமா நாலு விஷயத்துல தடுமாறும்: எந்த மருந்து எத்தனை மணிக்கு, குழந்தையை யார் கூட்டிட்டு வரலாம், மருத்துவர் எண்ணும் காப்பீட்டு அட்டையும் எங்க இருக்கு, தண்ணி, மின்சாரம், கேஸ் இதுல ஏதாவது கோளாறுன்னா யாரைக் கூப்பிடணும். இந்த நாலு மட்டும் எழுத்துல இருக்கட்டும். சாப்பாடு, துணி, வீட்டுப்பாடம் எல்லாம் அவங்க பாணியில நடக்கட்டும், திருத்தாதீங்க.

போனுக்கு ஒரு நேரம். ராத்திரி 15 நிமிஷம், அவ்வளவுதான். அவசரம்னா எதுன்னு முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க: விபத்து, மருத்துவமனை, பெரியவங்களுக்குத் திடீர்னு உடம்பு சரியில்லாம போறது. "நீல சட்டை எங்க இருக்கு" அவசரத்துல வராது. வயசான பெத்தவங்களைப் பாத்துக்கிறவங்க, பக்கத்துலயே இன்னொரு ஆள் ஒத்துக்காம கிளம்பாதீங்க. மனசு ரூம்ல இருக்காது, போன்லயே இருக்கும்.

திரும்பி வர்ற நேரமும் முக்கியம். ஞாயிறு ராத்திரி வந்து திங்கள் காலைல வேலைக்கு ஓடுனா மூணு நாளும் வீண். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுங்க. நீங்க வர்றப்போ பாத்திரமும் துவைக்கிற துணியும் குவிஞ்சிருக்கக் கூடாதுன்னு ஒப்படைக்கும்போதே பேசிடுங்க.

கார்முகில்:

ஆழிமதி, நீங்கள் என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறீர்கள். மனதை ஆற்றுவது ஒப்படைப்பு என்றால் அதை வாரா வாரம் செய்யலாமே. ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்று மணி நேரம், அதே விதிகள். வீட்டில் இருப்பவரும் பழகிக்கொள்வார். ஆண்டுக்கு மூன்று நாள் என்றால் அதை ஒரு சலுகையாகத்தான் பார்ப்பார்கள். மீதி 362 நாளும் சுமை அப்படியே இருக்கும்.

செங்காந்தள்:

வாரா வாரம் மூன்று மணி நேரம் கிடைப்பவர் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் வேலையின் நினைப்பு அறுவதற்கு நேரம் பிடிக்கும். சபீன் சோனென்டாக், சார்லட் ஃபிரிட்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 2007இல் ஓய்வை நான்கு கூறுகளாகப் பிரித்து அளக்க ஒரு வினாப்பட்டியல் தந்தார்கள்: வேலையிலிருந்து மனம் விலகுதல், இளைப்பாறுதல், புதிதாக ஒன்றில் தேர்ச்சி அடைதல், தன் நேரத்தைத் தானே தீர்மானித்தல். வீட்டிலிருந்து அரை மணி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு முதலாவதும் நான்காவதும் எளிதில் கிடைப்பதில்லை. கூப்பிட்டால் வந்துவிடுவாள் என்று வீட்டுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நாளின் ஒழுங்கையும் இந்த நான்கை வைத்தே அமைக்கலாம். ஒரு நாளுக்கு ஒரே ஒரு கூட்டு நிகழ்ச்சி போதும். மதியம் இரண்டு மணி நேரம் யாரும் யாரையும் கேட்காமல் தனியாக இருக்கும் நேரம். காலையில் எழ யாருக்கும் கட்டாயம் இல்லை. எட்டு இடம் பார்க்கும் திட்டம் போட்டால் அது சுற்றுலா. அதில் நட்புக்கு நேரம் கிடையாது.

தூவானம்:

இரு பக்கமும் சொல்லாத சில உண்டு.

எண்ணிக்கையில் தொடங்குகிறேன். இயல்பாகக் கூடும் உரையாடல்களை ராபின் டன்பாரும் உடன் ஆய்ந்தவர்களும் கவனித்து 1995இல் எழுதினார்கள். ஒரே பேச்சில் ஏறத்தாழ நான்கு பேர்தான் நிற்கிறார்கள், ஐந்தாமவர் வந்தால் பேச்சு இரண்டாக உடைகிறது. இன்னொரு கணக்கும் இருக்கிறது: நால்வருக்குள் ஆறு இணைகள், அறுவருக்குள் 15, எண்மருக்குள் 28. ஏதாவது ஓர் இணையில் பழைய மனத்தாங்கல் இருக்க வாய்ப்பு அந்த அளவுக்குக் கூடுகிறது. ஆறு பேர் போவதானால் இரண்டு மேசை, இரண்டு வண்டி என்று ஏற்றுக்கொண்டு, ஒவ்வொரு வேளையும் ஆளை மாற்றி உட்காருங்கள்.

அடுத்தது உறக்கம். புது இடத்தில் முதல் இரவு மூளையின் ஒரு பாதி மற்றதைவிட விழிப்பாக இருப்பதாக 2016இல் தமாகியின் ஆய்வுக் குழுவினர் காட்டினார்கள். முதல் இரவு சரியாக உறங்காமல் மறுநாள் மதியம் எரிச்சல் வருவதற்கு இது ஒரு காரணம். அந்த மதியத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள், கணக்கும் பேசாதீர்கள். அறை பிரிக்கும்போது நெருக்கத்தைப் பார்க்காமல் உறக்கத்தைப் பாருங்கள்: குறட்டை விடுபவர், சிறு ஓசைக்கே விழிப்பவர், விளக்கு வேண்டுபவர், விடியலில் எழுபவர். கிளம்பும் முன்பே வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்.

எனக்கு உண்மையான கவலை பேச்சைப் பற்றியது. உளவியலாளர் அமாண்டா ரோஸ் 2002இல் ஒரு பழக்கத்தை விவரித்தார். இருவர் சேர்ந்து ஒரே துயரத்தைத் திரும்பத் திரும்பக் கிளறுவது. 2007இல் வந்த தொடர் ஆய்வில் பள்ளி வயதுச் சிறுமியரிடம் இப்பழக்கம் நட்பை இறுக்கியது, கூடவே மனச்சோர்வையும் பதற்றத்தையும் கூட்டியது. வயது வந்த பெண்களுக்கு இதை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும் மூன்று இரவும் ஒரே மாமியார், ஒரே மேலதிகாரி என்று பேசித் திரும்புவோருக்கு ஏன் பாரம் இறங்கவில்லை என்று யோசிக்க இது உதவும். துயரம் ஒரு முறை முழுதாகக் கேட்கப்படட்டும், குறுக்கே அறிவுரை வேண்டாம். முடிந்ததும் "கேட்க மட்டும் வேண்டுமா, யோசனையும் வேண்டுமா?" என்று கேளுங்கள். அதே கதை மூன்றாம் முறை வந்தால் எழுந்து நடக்கப் போய்விடுங்கள். நட்பு சிகிச்சை அல்ல. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

கார்முகிலுக்கு ஒன்று. ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழு 2010இல் 148 ஆய்வுகளைத் தொகுத்தது, 3,08,849 பேர். வலுவான உறவுகள் உள்ளவர்கள் அந்த ஆய்வுக் காலங்களில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல். அதில் "தனியாக வாழ்கிறாரா, இல்லையா" என்ற அளவுகோல் மிகக் குறைந்த தொடர்பையே காட்டியது, பலவகை உறவுகளில் கலந்திருப்பதைச் சேர்த்து அளந்தது வலுவான தொடர்பைக் காட்டியது. குடும்பம் கூடவே இருக்கிறது என்பதால் தோழிகள் மிகை என்று சொல்ல முடியாது.

விண்மீன்:

பணத்தை யாரும் தொடவில்லை. நட்பு உடைவது அங்கேதான்.

எவ்வளவு முடியும் என்று குழுவில் கேட்காதீர்கள். வசதி குறைந்தவர் வெட்கப்பட்டுத் தலையாட்டுவார், கடைசி வாரத்தில் ஏதோ காரணம் சொல்லி விலகுவார். பணப் பொறுப்பாளரிடம் ஒவ்வொருவரும் தனியாகத் தன் உச்சவரம்பைச் சொல்லட்டும். மிகக் குறைந்த எண்தான் எல்லோருக்கும் வரம்பு. சராசரி எடுத்தால் பாதிப் பேர் கடனில் போகிறார்கள். அந்த எண் யாருடையது என்று பொறுப்பாளர் வாய் திறக்கக் கூடாது.

கிளம்பும் முன்பே எல்லோரும் ஒரே தொகையைப் பொதுப்பையில் போடுங்கள். தங்குமிடம், வண்டி, ஒன்றாக உண்பது இவை பொது. வாங்கும் பொருளும் தனி விருப்பமும் அவரவர் கை. வரம்பில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராததற்கு ஒதுக்கி வையுங்கள். மிச்சத்தைத் திரும்பும் வழியிலேயே பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு வாரம் கழித்துக் கணக்கு அனுப்பினால் சிறு தொகையும் மனதில் பெரிதாகத் தைக்கும். பின்வாங்கினால் என்ன என்பதையும் முன்பணம் கட்டும் நாளிலேயே எழுதிவிடுங்கள்: திரும்பப் பெற முடியாத பங்கு பின்வாங்குபவருடையது, நோயோ மரணமோ என்றால் எல்லோரும் பகிர்ந்துகொள்வது.

படங்களுக்கும் விதி வேண்டும். அதில் இருக்கும் எல்லோரும் சம்மதிக்காமல் பொதுவில் போடக் கூடாது. வீட்டில் சொல்லாமல் வந்தவர் இருக்கலாம், அழைக்கப்படாத தோழி பார்த்து நொந்துபோகலாம்.

செங்காந்தள்:

விண்மீன், குறைந்த எண்தான் வரம்பு என்பதில் எனக்கு உடன்பாடில்லை. வசதி உள்ளவர் பொதுப்பையில் கூடுதலாகப் போட்டால் என்ன தவறு?

விண்மீன்:

வாங்கியவர் அதன்பின் "இந்த இடம் வேண்டாம்", "எனக்குக் களைப்பாக இருக்கிறது" என்று சொல்லத் தயங்குவார். தன் நேரம் தன் கையில் இருக்க வேண்டும் என்று நீங்களே மேலே எழுதினீர்கள், அது முதலில் பறிபோவது அவருக்குத்தான். கூடுதலாகத் தர விரும்புபவர் பொருளாகத் தரட்டும்: தன் வண்டி, தன் உறவினரின் காலி வீடு. அதில் தலைக்கு இவ்வளவு என்று எழுத வேண்டிவராது.

கார்முகில்:

உறவுகளின் மதிப்பைத் தூவானம் சொன்னது சரி, அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் இந்த இழையில் எழுதிய எல்லா விதிகளையும் பின்பற்ற ஒரு குழுவுக்கு ஏற்கெனவே நல்ல பழக்கம் வேண்டும். பழக்கம் விட்டுப்போன நால்வர் மூன்று நாள் அடைந்து கிடந்தால் பழைய பிணக்குதான் முதலில் எழும். ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட கணக்கில், அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி, நண்பராக 90 மணி, நெருங்கியவராக 200 மணிக்கு மேல் ஆகிறது. அது புதிய ஊருக்குக் குடிபோனவர்களையும் கல்லூரி முதலாமாண்டு மாணவர்களையும் வைத்துச் செய்தது, பழைய நட்பைப் பற்றியது அல்ல. ஆனாலும் நேரம் சிறுகச் சிறுகச் சேர வேண்டும் என்பது அதில் தெரிகிறது.

ஆகவே என் நிபந்தனை இது: பயணத்துக்கு முன் மூன்று மாதம், மாதம் இருமுறை அரை மணி நேரம், நால்வரும் குரல் அழைப்பில் பேசட்டும். எழுத்தில் அனுப்பும் செய்தியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த ஆறு அழைப்பில் குறைந்தது நான்கு நடந்தால் முன்பணம் கட்டுங்கள். நடக்காவிட்டால் பயணத்தை விட்டுவிட்டு, யார் விடுபடுகிறார், ஏன் என்று அவரிடம் தனியாகப் பேசுங்கள்.

ஆழிமதி:

இந்த நிபந்தனை நல்லா இருக்குங்க, ஆனா ஒரு விலக்கு வேணும். கைக்குழந்தை வெச்சிருக்கிறவங்க, வீட்டுல நோயாளியைப் பாத்துக்கிறவங்க இந்த ஆறுல ரெண்டுகூட வர மாட்டாங்க. ஆனா பயணம் ரொம்பத் தேவைப்படுறது அவங்களுக்குத்தான். அவங்களுக்கு அழைப்பை எண்ணாதீங்க. மூணு நாளை ஒரே ராத்திரியா சுருக்கி, அவங்க வீட்டுல இருந்து ஒரு மணி நேரத் தூரத்துல இடம் பாருங்க. மத்த மூணு பேரும் அங்க வந்து சேரட்டும்.

கார்முகில்:

அந்த விலக்கை ஏற்கிறேன். ஒரே ராத்திரி என்றால் கூட்டு நிகழ்ச்சி எதுவும் வைக்காதீர்கள். அவர் வந்ததும் படுத்து உறங்கினால் எழுப்பவும் வேண்டாம்.